வளராத மகள் வளர்த்த தாய்

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது நம் ஊர்ப் பழமொழி. கையில் மிஞ்சியதைக் கொடுப்பதே தருமம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால், கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையில், கடன் வாங்கித் தன் ஒரு குழந்தையைக் காக்கப் புறப்பட்ட ஒரு தாய், பின்னாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நிழலான வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பழமொழியைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தாயின் வரலாற்றையே இம்மலரின் வழியாக உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

முதலில் ஒரு தகர உண்டியலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பருவத்தில் நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், நகரில் ஒரு குழந்தையின் மருத்துவத்துக்காக உண்டியல் ஏந்திக் கடைவீதியில் வசூலுக்குச் சென்றதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் மரபு நோய் அக்குழந்தைக்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உண்டியலை நீட்டினேன். கடைக்காரர் ஐம்பது ரூபாய்த் தாளை மடித்துப் போட்டுவிட்டு, இவ்வளவு அக்கறையாய் அலைகிறாயே தம்பி, உன் வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று இயல்பாகக் கேட்டார். நான் இல்லை என்றேன்.

அது பொய். என் வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். பிறந்தது முதல் ஒரு சொல்லும் பேசியதில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டும். மாலை ஆறு மணிப் பேருந்தின் ஒலி கேட்டால் மட்டும் கைகொட்டிச் சிரிப்பாள். விருந்தினர் வந்தால் பாட்டி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். பிள்ளைகள் எத்தனை என்று எவரேனும் கேட்டால் அம்மா ஒன்று என்பார். அந்த ஒன்று நான்.

அன்று மாலை உண்டியல் நிறைந்தது. என் நெஞ்சு நிறையவில்லை. விலங்கியல் மாணவனாகிய நான், மரபு நோய்கள் பற்றி நம் துறை அறிவிப்புப் பலகைக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அதற்காக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோதுதான், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் என்று மட்டும் நான் அறிந்திருந்த ஒருவரின் பெயர், ஒரு நோயின் வரலாற்றில் வந்து நின்றது. அவர்தான் பெர்ல் எஸ். பக் அம்மையார்.

சீன மண்ணில் ஒரு முத்து

1892ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பெர்ல் பிறந்தார். தந்தை அப்சலம் சைடன்ஸ்டிரிக்கர், தாய் கரோலின். இருவரும் சீனத்தில் சமயப் பணியாற்றியவர்கள். விடுமுறையில் தாயகம் வந்திருந்தபோது பிறந்த பெண்ணை, சில மாதக் குழந்தையாகவே சீனத்துக்குக் கொண்டு சென்றனர். அக்குடும்பத்தில் பிறந்தவர் எழுவர். வளர்ந்து ஆளானவர் மூவரே. பிள்ளையை இழந்த தாயின் கண்ணீரைப் பார்த்தே பெர்ல் வளர்ந்தார் எனலாம்.

யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜென்ஜியாங் நகரில் சீனக் குழந்தைகளோடு சீன மொழி பேசி விளையாடினார். முத்து என்று பொருள்படும் அவருடைய பெயரைச் சீனரும் தம் மொழியில் முத்து என்றே வழங்கினர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கல்லூரிப் படிப்பை 1914இல் முடித்துச் சீனத்துக்கே திரும்பினார். 1917இல் வேளாண் பொருளியல் அறிஞரான ஜான் லாசிங் பக் என்பவரை மணந்தார். வறண்ட வடபுலத்துச் சிற்றூர்களில் கணவர் உழவர்களிடம் நிலக் கணக்குகள் கேட்டுத் திரிய, மனைவி உழவர் வீட்டுப் பெண்களிடம் வாழ்க்கைக் கணக்குகளைக் கேட்டறிந்தார். பின்னாளில் உலகமே படித்த நாவலுக்கு வித்து அங்கே விழுந்தது.

மலராத மொட்டு

1920ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கரோல் என்று பெயரிட்டனர். பொன்னிற முடியும் நீலக் கண்களுமாய்க் கண்டோர் வியக்கும் அழகு. அப்பேற்றையொட்டிக் கருப்பையில் கட்டி கண்டறியப்பட்டு அறுவை செய்ய நேர்ந்ததால், பெர்லுக்கு இனி மகப்பேறு இல்லை என்றாயிற்று. ஆகவே கரோல்தான் அவர் பெற்ற ஒரே பிள்ளை.

குழந்தை வளர்ந்தது, அறிவு வளரவில்லை. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. மேனியில் ஓயாத சொறி. ஓரிடத்தில் நில்லாத பரபரப்பு. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று உற்றாரும் நண்பரும் தேற்றினர். நம் வீடுகளிலும் இந்த ஆறுதலைக் கேட்காத தாய் உண்டா? 1924இல் அமெரிக்கா சென்றபோது, மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார் பெர்ல். இறுதியில் மின்னசோட்டா மாநிலத்தின் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒருவர், காரணம் தெரியவில்லை, ஆயினும் நம்பிக்கையை விட வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்த தாயை, சோதனையின்போது உடனிருந்த வேறொரு மருத்துவர் தனியே அழைத்தார். இக்குழந்தை என்றுமே மற்றவரைப் போல ஆகாது. வீண் நம்பிக்கையில் உங்களையும் உங்கள் பொருளையும் கரைத்துக்கொள்ளாதீர்கள். அவள் மகிழ்ச்சியாக இருக்கக்கூடிய இடம் ஒன்றைத் தேடுங்கள் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். நெஞ்சில் வாள் பாய்ந்தாற் போன்ற சொற்கள்! எனினும், உண்மையைச் சொன்ன அம்மனிதருக்குத் தாம் என்றும் கடமைப்பட்டிருப்பதாகவே அம்மையார் பின்னாளில் எழுதினார்.

உண்மையை அறிவது ஒன்று, ஏற்பது மற்றொன்று. மகளுக்கு எழுதக் கற்பிக்கத் தாமே முயன்றார். ஒருநாள் கரோலின் கையைப் பற்றி எழுதுகோலை நடத்தியபோது, அச்சிறு கை வியர்வையில் நனைந்திருப்பதை உணர்ந்தார். எதற்கென்று புரியாமலேயே, அம்மாவை மகிழ்விக்க வேண்டும் என்பதற்காக மட்டும் குழந்தை தன் முழு வலுவையும் திரட்டி உழைத்துக்கொண்டிருந்தது! அன்றோடு ஏடுகளை மூடி வைத்தார். இனி அவளைத் தம் ஆசைக்காக வருத்துவதில்லை, அவள் மகிழ்ச்சி ஒன்றையே தேடுவது என்று உறுதி பூண்டார்.

கடனும் மாடி அறையும்

1925இல் ஜானிஸ் என்னும் பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். 1927 மார்ச்சில் நான்கிங் நகரில் படைகள் புகுந்து வெளிநாட்டவரைத் தாக்கியபோது, ஏழைச் சீனப் பெண் ஒருவர் தம் குடிசையில் இடமளித்துக் குடும்பம் முழுவதையும் காத்தார். அந்த இருட்டறையில் கரோலும் இருந்தாள். கதவுக்கு வெளியே சாவு நடமாடிய அந்த நாளில், தான் இறந்துவிட்டால் இந்தக் குழந்தையை யார் பார்ப்பார் என்ற கேள்வி அந்தத் தாயின் உள்ளத்தை எப்படி அறுத்திருக்கும்!

அக்கேள்விக்கு விடை தேடியே அமெரிக்காவில் பள்ளி பள்ளியாகப் பார்த்தார். நியூ ஜெர்சி மாநிலத்தில், வைன்லேண்ட் என்னும் ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளி அவருக்குப் பிடித்தது. அங்கே பிள்ளைகளின் முகத்தில் அச்சம் இல்லை. அதுவே அவர் தேடிய அடையாளம். ஆனால் கட்டணம், சமயப் பணியாளர் குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாதது. கடன் வாங்கித்தான் 1929இல் ஒன்பது வயதுக் கரோலை அங்கே சேர்த்தார். பிறகு கடல் கடந்து சீனம் திரும்பினார். இல்லாத குழந்தையின் வெறுமை வீடெங்கும் நிறைந்திருந்தது.

நான்கிங் வீட்டு மாடி அறையில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஒரு நாவலை முடித்தார். அதுவே நல்ல நிலம் என்று பொருள்படும் தலைப்போடு 1931இல் வெளிவந்து அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்ற நூல். 1932இல் புலிட்சர் பரிசும், 1938இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தன. அமெரிக்கப் பெண்களுள் இலக்கிய நோபல் பெற்ற முதல்வர் அவரே. உலகம் புகழை எண்ணிற்று. தாயோ மகளின் பள்ளிக் கட்டணத்தை எண்ணினார்.

அந்நாவலைப் படித்தவர் ஒரு பாத்திரத்தை மறக்க இயலாது. உழவன் வாங் லுங்கின் மூத்த மகள், பேச்சில்லாத பேதை. வெயிலில் அமர்ந்து ஒரு துணித் துண்டை முறுக்கிக்கொண்டு புன்னகைப்பவள். கதை முழுவதும் அவளுக்குப் பெயரே இல்லை. முதுமையில் அத்தந்தை, தான் இறந்த பின் இவளை எவர் காப்பார் என்று கலங்கி, நஞ்சுப் பொட்டலம் ஒன்றைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, தன் சாவுக்குப் பின் மகளின் சோற்றில் கலந்துவிடச் சொல்கிறான். அவளோ மறுத்து, அப்பேதையைத் தானே காப்பதாக ஏற்கிறாள். இது கற்பனை என்றா நினைக்கிறீர்கள்? கரோலின் தாய் தம் நெஞ்சைப் பிளந்து வைத்த இடம் இது. படித்த இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அதை அறிந்தார்கள்?

இருபது ஆண்டு மௌனம்

அறிய வழியில்லை. ஏனெனில் அம்மையார் கரோலைப் பற்றி வெளியுலகில் வாய் திறக்கவில்லை. புகழ் வெளிச்சத்தில் மகள் காட்சிப் பொருளாகிவிடுவாளோ என்ற அச்சம். அந்நாளில் இத்தகைய பிள்ளைகளைக் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதிய சமூகம். நூல் வருவாயிலிருந்து வைன்லேண்ட் பள்ளிக்குப் பெருந்தொகை அளித்தார். கரோலின் பெயரால் ஒரு குடில் எழுந்தது. மகள் தன் வாழ்நாள் முழுதும் அங்கே வாழ வழி செய்தார். இசைத்தட்டுகளைக் கேட்டு மகிழ்வது கரோலின் தனி இன்பம்.

1935இல் முதல் திருமணம் முறிந்தது. தம் பதிப்பாளரான ரிச்சர்ட் வால்ஷ் என்பவரை மணந்து, பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டில் வாழ்ந்தார். மேலும் பல குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். இந்திய விடுதலைக்காகவும் அமெரிக்க மண்ணில் குரல் கொடுத்தார்.

1948ஆம் ஆண்டின் இறுதியில், ஒன்றேகால் வயதுக் குழந்தை ஒன்றுக்கு இடம் வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. தாய் அமெரிக்கர், தந்தை இந்தியர். நிறம் கலந்த குழந்தையைத் தத்துக் கொடுக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அம்மையார் சினந்தார், பின் செயலில் இறங்கினார். அண்டை அயலில் வாழ்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்சனர், நாடகப் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் முதலியோரைத் துணை சேர்த்து, 1949இல் வரவேற்பு இல்லம் என்று பொருள்படும் பெயரோடு ஒரு தத்து நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பின்வந்த பல பத்தாண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதன் வழியாகப் பெற்றோரை அடைந்தனர்.

அடுத்த ஆண்டு, 1950இல், அவர் தம் மௌனத்தை உடைத்தார். வளராத குழந்தை என்னும் பொருளுடைய தலைப்பில் கரோலின் கதையை முதலில் ஒரு பெண்கள் இதழிலும், பின்னர் சிறு நூலாகவும் வெளியிட்டார். அதன் வருவாயை வைன்லேண்ட் பள்ளிக்கே வழங்கினார். இத்தனை பெரிய எழுத்தாளரே தம் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை என்று எழுதிய பிறகு, பின்கட்டில் பிள்ளையை மறைத்திருந்த பெற்றோர் பலர் தலை நிமிர்ந்தனர். அதே 1950இல் அமெரிக்கா முழுதும் சிதறிக் கிடந்த பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடி நாடளாவிய அமைப்பாயின. அவர் கொடுத்த பணத்தைவிட, அவர் கொடுத்த அந்தச் சொல் பெரிய நன்கொடை என்பேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது

இனி விலங்கியல் மாணவனாகச் சில சொற்கள். கரோலின் நோய் என்ன? தாய் நூலை எழுதியபோதும் அதன் பெயரை அறிந்திருக்கவில்லை. 1934இல் நார்வே நாட்டில், இரண்டு பிள்ளைகளும் அறிவு வளராதது ஏன் என்று விடாது கேட்டலைந்த ஒரு தாய், பிள்ளைகளிடம் வீசும் ஒருவித மக்கல் வாடையைப் பற்றி அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் கூறினார். அவர் சிறுநீரில் இரும்புக் குளோரைடைக் கலந்தபோது அது பச்சையாக மாறிற்று. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் நோய் அவ்வாறு கண்டறியப்பட்டது.

புரத உணவிலுள்ள ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி கல்லீரலில் செயல்படாவிட்டால், அது இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கும். தாயும் தந்தையும் குறையுள்ள மரபணுவை ஆளுக்கொன்று மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதில் எவர் குற்றமும் இல்லை. எந்தப் பாவமும் இல்லை. 1953இல் ஹார்ஸ்ட் பிக்கல் என்பாரும் அவருடைய துணைவர்களும், அந்த அமிலத்தைக் குறைத்த உணவு பயன் தருவதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து அறிவித்தனர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைத் தாளில் ஊறவைத்து நோயை அறியும் எளிய சோதனையைக் கண்டார். அவர் மகன் ஒருவனும் மனவளர்ச்சி குன்றியவன். அவர் உறவுக் குழந்தை ஒன்றுக்கு இந்நோயே இருந்தது. பிறந்த சில நாட்களிலேயே அறிந்து உணவை மாற்றினால் குழந்தை மற்றவரைப் போல வளரும்.

கரோல் பிறந்தது 1920இல். நோய்க்குப் பெயர் கிடைத்தபோது அவளுக்கு வயது பதினான்கு. மருந்துணவு வந்தபோது முப்பத்து மூன்று. தன் மகளுக்கு இருந்தது இந்நோயே என்று 1960களில் தாய் அறிந்தபோது, காலம் கடந்துவிட்டிருந்தது. அவர் கொடுத்ததும் பேசியதும் எல்லாம் தம் மகளைக் குணப்படுத்தவில்லை. பிறர் பிள்ளைகள் பயன் பெற்றால் போதும் என்றே கொடுத்தார்.

1964இல், ஆசிய நாடுகளில் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அவர் வாழ்வில் சறுக்கலே இல்லை என்று நான் எழுதமாட்டேன். 1969இல் அவ்வறக்கட்டளையின் தலைமை நிர்வாகி மீது பத்திரிகையில் புகார்கள் எழுந்தன, அவர் விலகினார். அம்மையாரோ அவர் பக்கமே நின்றார். பிறர் பணத்தைக் கையாள்வோர்க்கு அன்பு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

1973ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் பெர்ல் பக் மறைந்தார். பென்சில்வேனியாப் பண்ணையில் அவர் கல்லறைக் கல்லில் அவர் பெயர் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

அம்மா கேட்ட கேள்வி

இந்த வரலாற்றை ஒரு மாலையில் என் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார். நோபல் பரிசு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை நின்றது, ஒன்றே ஒன்று கேட்டார். அந்த அம்மா போன பிறகு அந்தப் பெண்ணை யார் பார்த்துக்கொண்டார்கள்?

சொன்னேன். தாய் இறந்தபின் கரோல் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தாள். தாய் ஏற்படுத்திவிட்டுப் போன வழியில், பழகிய வைன்லேண்டிலேயே வாழ்ந்தாள். தத்தெடுத்த தங்கை ஜானிஸ் அவளுக்குப் பொறுப்பாளராக இருந்து பார்த்துக்கொண்டார். 1992இல், எழுபத்திரண்டாம் வயதில் கரோல் மறைந்தாள். வாங் லுங்கின் நஞ்சுப் பொட்டலம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அம்மா சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு மீண்டும் அரிசியைப் புடைக்கத் தொடங்கினார். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல வேண்டியவன் நான் என்பது எனக்குப் புரிந்தது.

மாணவ நண்பர்களே! உண்டியல் ஏந்துவோம், அது நல்ல பணி. அதோடு, அத்தகைய பிள்ளை உள்ள வீட்டின் கதவைத் தட்டி, தாய் ஒரு திருமணத்துக்குப் போய்வரும் வரை ஒரு மணி நேரம் அக்குழந்தையோடு அமர்ந்திருப்பதும் தருமமே. அதற்கு மிஞ்சிய பணம் எதுவும் வேண்டாம்.

மறுநாள் நான் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்குச் சென்றேன். அன்று இல்லை என்றது பொய் என்று கடைக்காரரிடம் சொன்னேன். தங்கையின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இப்போது மாலை ஆறு மணிப் பேருந்தைக் காட்ட அவளை அங்கே அழைத்துச் செல்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி, பிள்ளைகள் எத்தனை என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா, இரண்டு என்றார்.